செயலாளர் ஆண்டறிக்கை: பிம் மாடலும் வாராந்திரத் திட்டமும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. புதிதாகச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் இளம் பொறியாளர்கள் என்பது மகிழ்ச்சி. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். ஆண்டு முழுக்க நாம் அதிகம் பேசியது பிம் (BIM) மாடலையும், அதாவது கட்டடத்தின் முப்பரிமாணக் கணினி மாதிரியையும், வீண் வேலையையும் காத்திருப்பையும் குறைக்கும் லீன் முறையையும் சைட்டில் ஒன்றாகப் பயன்படுத்துவது பற்றித்தான். அதற்கே இங்கே கூடுதல் இடம் தருகிறேன்.

பிம் மாடல் வரையும் ரெவிட் மென்பொருள் தெரிந்த பிள்ளைகளுக்கு நம்மூரில் பஞ்சமில்லை. ஆனால் மாடல் அலுவலகக் கணினியோடு நின்றுவிடுகிறது. சைட்டுக்குப் போவது பழையபடி பிரின்ட் எடுத்த டிராயிங்தான். கிளென் பல்லார்டும் கிரெக் ஹாவலும் 1990களில் உருவாக்கிய லாஸ்ட் பிளானர் என்ற லீன் திட்டமிடல் முறை இங்கேதான் உதவுகிறது. வேலையைச் செய்து முடிக்க வேண்டியவரே அடுத்த வாரம் எதை முடிப்பேன் என்று சொல்ல வேண்டும். வார இறுதியில் முடிந்ததா, இல்லையா என்று மட்டும் குறிப்பார்கள். 'தொண்ணூறு சதவீதம் முடிஞ்சுது சார்' என்பதும் முடியாத கணக்குதான். முடியாததற்கான காரணத்தையும் எழுத வேண்டும். பல்லார்டும் ஹாவலும் அளந்து பார்த்த சைட்டுகளில், வாரத் திட்டத்தில் எழுதியவற்றில் ஏறக்குறைய பாதிதான் சொன்னபடி முடிந்திருந்தது.

நம் உறுப்பினர் ஒருவர் தன் அடுக்குமாடி சைட்டில் இதைச் செய்து பார்த்தார். சனிக்கிழமைக் கூட்டத்தில் சென்ட்ரிங் மேஸ்திரி, கம்பி மேஸ்திரி, பிளம்பர், எலக்ட்ரீஷியன் எல்லோரும் டிவி திரையில் மாடலைப் பார்த்தார்கள். கழிவறையின் 4 அங்குலக் குழாய் பீமுக்குள் நுழைவதை மென்பொருள் சிவப்பாகக் காட்டியது. எந்தப் பக்கம் நகர்த்தினால் வாட்டம் கெடாது என்று சொன்னவர் பிளம்பர். அப்புறம் கம்பி மேஸ்திரி திரையில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார்: தூணும் பீமும் சேரும் இந்த இடத்தில் கம்பி நெருக்கம், காங்கிரீட்டை அதிர்த்து இறுக்கும் வைப்ரேட்டர் ஊசி இறங்காது. மாடலில் கம்பிகளை வரையவே இல்லை. மென்பொருள் அதை எப்படிச் சொல்லும்? காங்கிரீட் போடும் முன்பே இரண்டும் சரி செய்யப்பட்டன. இல்லையென்றால் பிறகு குழாய்க்காக பீமைத் துளைக்கும் கோர் கட்டிங்கும், காங்கிரீட் நிரம்பாமல் தேன்கூடுபோல் ஓட்டை விழுந்த இடத்துக்குப் பூச்சு வேலையும்தான்.

கட்டுமான ஆய்வாளர்கள் ரஃபேல் சாக்ஸ், லௌரி கொஸ்கெலா குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வு, பிம்மும் லீனும் ஒன்றையொன்று தொடும் 56 இடங்களைப் பட்டியலிட்டது. நான்கைத் தவிர மற்றவை ஒன்றுக்கொன்று கைகொடுப்பவை. கலிபோர்னியாவின் காஸ்ட்ரோ வேலியில் 2012இல் திறக்கப்பட்ட சட்டர் மருத்துவமனைக்காக 11 தரப்பினர் ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, மாடல்களைப் பகிர்ந்து வேலை பார்த்தார்கள். அவ்வளவு பெரிய ஒப்பந்தம் நமக்கு எட்டாது, சரி. ஒரு டிவியும் ஒரு மணி நேரமும் எட்டும். லீன் கட்டுமானத்துக்கான சர்வதேச மாநாடே 2018இல் சென்னையில் நடந்தது.

ஒரு சிக்கலை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சதுர அடிக் கணக்கில் கூலி வாங்கும் மேஸ்திரிக்குக் கூட்டத்தில் உட்காரும் நேரம் நஷ்டம். அந்த நேரத்துக்கு ஒப்பந்ததாரர் சம்பளம் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இதைத் தீர்மானமாக முன்மொழிகிறேன்.

வரும் ஆண்டில் மேஸ்திரிகளுக்குத் தமிழில் அரைநாள் பயிற்சியும், வாராந்திரத் திட்டத் தாளைத் தமிழில் அச்சிட்டு வழங்குவதும் நிர்வாகக் குழுவின் திட்டம். இவற்றுக்கு ஒப்புதல் அளித்து, அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்