எத்தனை பேர் வந்தார்கள்? மன்றத்தின் ஆண்டறிக்கை

எல்லோருக்கும் வணக்கம். செயலாளர் என்ற முறையில் இந்த ஆண்டின் அறிக்கையைப் பொதுக்குழு முன் வைக்கிறேன். நிர்வாக விஷயங்களை முதலிலேயே முடித்துவிடுகிறேன். மாதாந்தரக் கூட்டங்கள் பன்னிரண்டும் தவறாமல் நடந்தன, செயற்குழுவில் மாற்றம் எதுவும் இல்லை, வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். போன ஆண்டு அறிக்கை ரொம்பச் சுருக்கம் என்று பலர் குறைபட்டுக்கொண்டதால் இந்த முறை நாம் படித்ததையும் செய்ததையும் கொஞ்சம் விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

உலகம் முழுக்க நடக்கும் போராட்டங்களில் எத்தனை பேர் கலந்துகொள்கிறார்கள், அதை யார் எப்படி அளக்கிறார்கள் என்பதை ஆண்டு முழுக்கப் படிப்பது என்று போன பொதுக்குழுவில் முடிவெடுத்தோம். "தலையை எண்ணினால் தெரிந்துவிடப் போகிறது, இதற்கு ஒரு வருஷமா" என்று அன்று கேட்டவர்களே கடைசிக் கூட்டம் வரைக்கும் விடாமல் வந்தார்கள், அதில் எனக்கு ரொம்ப மகிழ்ச்சி.

ஹெர்பர்ட் ஜேக்கப்ஸிடமிருந்து தொடங்கினோம். 1960களில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இதழியல் சொல்லிக்கொடுத்தவர். வியட்நாம் போரை எதிர்த்து மாணவர்கள் கூடும் சதுக்கம் அவர் அலுவலக ஜன்னலிலிருந்தே தெரியும், அந்தச் சதுக்கத்தின் தரை கட்டம் கட்டமாகக் கோடு போட்டிருக்கும். சில கட்டங்களில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணி மொத்தக் கட்டங்களால் பெருக்கினார், அவ்வளவுதான். அதிலிருந்து அவர் எடுத்த கணக்கு இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கிறது: தளர்வாக நிற்கும் கூட்டத்தில் ஆளுக்கு 10 சதுர அடி, நெருக்கமான கூட்டத்தில் நாலரை சதுர அடி, மிக நெரிசலில் இரண்டரை.

இதைப் படித்ததோடு விடாமல், கூட்ட அறையின் தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு நாமே நின்று பார்த்தோம். 10 சதுர அடியில் தாராளமாகத் திரும்பிப் பேசலாம். நாலரையில் பக்கத்தில் இருப்பவர் தோள் உரசும். இரண்டரைக்கு வந்தபோது ஒரு உறுப்பினர் கைப்பேசியைச் சட்டைப் பையிலிருந்து எடுக்க முயன்று முடியாமல் விட்டுவிட்டார். அன்றைக்கு எனக்குப் புரிந்தது, செய்தியில் ஒரு மைதானத்தின் பரப்பைப் போட்டு இத்தனை லட்சம் பேர் என்று எழுதும்போது, அத்தனை பேரையும் இரண்டரை அடிக் கணக்கில் கடைசி மூலை வரைக்கும் அடுக்கினால்தான் அந்த எண் வரும் என்பது. நிஜக் கூட்டம் அப்படி நிற்பதில்லை. மேடைக்கு முன்னால் நெரியும், பின்னால் போகப் போகக் காற்றாடும்.

எண்ணுவதால் என்ன வம்பு வரும் என்பதற்கு 1995 அக்டோபர் 16 அன்று வாஷிங்டனில் கறுப்பின ஆண்கள் நடத்திய, "பத்து லட்சம் பேர் பேரணி" என்றே பெயர் வைத்த பேரணி போதும். பேரணி நடந்த திடலைப் பார்த்துக்கொள்ளும் தேசியப் பூங்காத் துறை 4 லட்சம் என்றது. ஏற்பாட்டாளர்கள் வழக்குப் போடுவோம் என்று கொதித்தார்கள். பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஃபரூக் எல்-பாஸ் தலைமையிலான குழு படங்களை வைத்து மறுபடி கணக்கிட்டு 8 லட்சத்து 37 ஆயிரம் என்றும், இதில் 20 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்றும் சொன்னது. அடுத்த ஆண்டே, கூட்டத்தை எண்ணுவதற்குப் பூங்காத் துறை பணம் செலவழிக்கக் கூடாது என்று நாடாளுமன்றம் சொல்லிவிட்டது. எனக்கு இது பெரிய இழப்பாகவே படுகிறது. எண்ணியது தப்பு என்றால் திருத்தி எண்ணச் சொல்லியிருக்கலாம், எண்ணுவதையே நிறுத்தியதில் யாருக்கும் லாபமில்லை.

நிற்கும் கூட்டத்தைவிட நகரும் ஊர்வலம் இன்னும் சிரமம். ஹாங்காங்கில் குற்றம் சாட்டப்பட்டவர்களைச் சீனாவிடம் ஒப்படைக்க வழிசெய்யும் மசோதாவை எதிர்த்து 2019 ஜூன் 16 அன்று நடந்த ஊர்வலத்துக்கு ஏற்பாட்டாளர்கள் சொன்னது 20 லட்சத்தை ஒட்டி, காவல் துறை சொன்னது 3 லட்சத்து 38 ஆயிரம். ஆறு மடங்கு வித்தியாசம்! யாரோ பொய் சொல்கிறார்கள் என்றுதான் நம் கூட்டத்திலும் முதலில் பேச்சு எழுந்தது. ஆனால் காவல் துறையின் எண், முதலில் அறிவித்த பாதையில் கூட்டம் உச்சத்தில் இருந்த நேரத்துக்கானது. தொடக்கத்திலிருந்து இரவு வரை வந்து போனவர்கள் மொத்தம் எத்தனை பேர் என்பது வேறு கேள்வி. அதிபர் பார்க் கியூன்-ஹே பதவி விலக வேண்டும் என்று தென் கொரியாவில் நடந்த மெழுகுவர்த்திப் போராட்டத்திலும் இதேதான். 2016 டிசம்பர் 3 அன்று நாடு முழுக்க 23 லட்சம் என்றார்கள் ஏற்பாட்டாளர்கள், காவல் துறை 4 லட்சத்துக்குச் சற்று மேல் என்றது. முன்னது வந்து போன எல்லோரையும் சேர்த்து, பின்னது ஒரே நேரத்தில் நின்றவர்களை மட்டும். பேருந்தில் இப்போது எத்தனை பேர் என்று ஒருவரும், இன்று எத்தனை டிக்கெட் போனது என்று இன்னொருவரும் பதில் சொல்லிவிட்டுச் சண்டை போடுவது மாதிரி இது. சண்டை முற்றி, 2017 ஜனவரியில் கொரியக் காவல் துறை எண்ணிக்கை வெளியிடுவதையே நிறுத்திக்கொண்டது.

பிரான்ஸில் இந்த இரட்டைக் கணக்கு அன்றாடப் பழக்கமாகவே ஆகிவிட்டது. ஓய்வூதியச் சீர்திருத்தத்தை எதிர்த்து 2023 மார்ச் 7 அன்று நடந்த பேரணிகளுக்கு உள்துறை அமைச்சகம் தந்த எண் 12 லட்சத்து 80 ஆயிரம், சி.ஜி.டி. தொழிற்சங்கம் தந்த எண் 35 லட்சம். செய்தித்தாள்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிடுகின்றன.

இப்போது நம் சொந்த முயற்சி. ஹாங்காங்கில் 2019 ஜூலை 1 பேரணிக்கு ஆய்வாளர்கள் நடைமேம்பாலங்களில் ஐபேடுகளைக் கட்டிவைத்துக் கணினியை எண்ணவைத்து 2 லட்சத்து 65 ஆயிரம் என்று கண்டார்கள் (ஏற்பாட்டாளர்கள் 5 லட்சத்து 50 ஆயிரம், காவல் துறை 1 லட்சத்து 90 ஆயிரம்). அதைப் படித்த வேகத்தில், அனுமதியோடு நடந்த ஒரு சின்னப் பேரணியை நாமும் நடைமேம்பாலத்தில் நின்று எண்ணுவது என்று கிளம்பினோம். இரண்டு பேர் கையில் கிளிக்கர் (ஒரு அழுத்துக்கு ஒன்று கூட்டும் சின்ன எண்ணும் கருவி), ஒருவர் கையில் நோட்டு. முதல் பத்து நிமிடம் சுலபமாக இருந்தது. அப்புறம் அகலமான பதாகை ஒன்று வந்தது, அதற்குக் கீழே நடப்பவர்களின் கால்கள் மட்டும்தான் தெரிந்தன. அப்பாவின் தோளில் உட்கார்ந்திருந்த குழந்தையை ஒருவர் எண்ணினார், மற்றவர் எண்ணவில்லை. முன்னால் போய்ச் சேர்ந்த சிலர் திரும்பி வந்து நண்பர்களோடு மறுபடி நடந்தார்கள். ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தவர்களில் பாதிப் பேர் கோஷம் கேட்டதும் உள்ளே இறங்கிவிட்டார்கள். முடிவில் ஒரே பாலம், ஒரே நேரம், இரண்டு கிளிக்கரிலும் இரண்டு எண், வித்தியாசம் நூறுக்கு மேல்.

கீழே இறங்கியதும் பேரணியில் வந்த ஒரு பெரியவர் எத்தனை பேர் என்று கேட்டார். இரண்டு எண்ணையும் சொன்னோம். அவர் முகம் வாடிவிட்டது. "நாங்கள் எவ்வளவு சொன்னாலும் பாதிதான் போடுவார்கள் தம்பி, அதனால்தான் இரட்டிப்பாகச் சொல்கிறோம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, ரொம்ப நாளாக மனதில் இருந்ததைச் சொல்வதுபோல் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றி அடுத்த இரண்டு கூட்டங்கள் பேசினோம். குறைப்பார்கள் என்று தெரிந்து கூட்டுவது, கூட்டியிருப்பார்கள் என்று தெரிந்து குறைப்பது, இப்படியே போனால் வெயிலில் நாலு மணி நேரம் நடந்த அந்தப் பெரியவர் எந்தக் கணக்கிலும் ஒழுங்காக ஒரு ஆளாக வருவதில்லை. எண்ணை மட்டும் சொல்லாமல், எங்கே நின்று, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, யாரைச் சேர்த்து யாரை விட்டு எண்ணினோம் என்பதையும் கூடவே சொல்ல வேண்டும் என்று செயற்குழு தீர்மானம் போட்டது இதற்காகத்தான்.

தெருவில் தலையை எண்ணி அளக்க முடியாத போராட்டங்களும் உண்டு. 1989 ஆகஸ்ட் 23 அன்று எஸ்டோனியா, லாட்வியா, லித்துவேனியா மக்கள் சோவியத் ஆட்சியை எதிர்த்து 600 கிலோமீட்டருக்கு மேல் கைகோத்து நின்றார்கள். சுமார் 20 லட்சம் பேர் என்று சொல்வார்கள். கையை நீட்டி நின்றால் ஆளுக்கு ஒன்றரை மீட்டர் என்று வைத்துக்கொண்டு நம் உறுப்பினர் ஒருவர் பலகையில் போட்டுக் காட்டினார், ஒற்றை வரிசைக்கு 4 லட்சம் பேர் போதும். சங்கிலி அறுபடாமல் இருந்த இடத்தில் அதற்குக் குறையவே முடியாது, மீதி எண்ணிக்கை பல வரிசைகளாக நின்ற இடங்களிலிருந்து வர வேண்டும். சங்கிலியின் நீளமே இப்படி ஒரு கீழ்வரம்பைக் கொடுத்துவிடுவது எனக்கு மிகவும் பிடித்தது. இந்தியாவில் 2020 நவம்பர் 26 வேலைநிறுத்தத்தில் 25 கோடிப் பேர் என்று தொழிற்சங்கங்கள் சொல்லின. வேலைக்குப் போகாதவரைப் படம் பிடிக்க முடியாது. மனதார நிறுத்தியவர், பேருந்து ஓடாததால் வீட்டில் இருந்தவர் இரண்டு பேரும் அதே எண்ணுக்குள்தான் இருப்பார்கள். 1930 மார்ச்சில் சபர்மதியிலிருந்து காந்தியோடு கிளம்பியவர்கள் 78 பேர். அந்த ஆண்டு முடிவதற்குள் சிறைக்குப் போனவர்கள் 60 ஆயிரத்துக்கும் மேல். இதில் எதைப் பங்கேற்பு என்பது? அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸில் 1977 ஏப்ரல் 30 அன்று, காணாமல் போன பிள்ளைகளைக் கேட்டு மே சதுக்கத்துக்கு வந்த தாய்மார்கள் 14 பேர்தான். ராணுவ ஆட்சியில் அந்தப் பதினான்கின் கனம் என்ன என்று எந்தக் கிளிக்கரும் சொல்லாது.

நாளிதழ்ச் செய்திகளிலிருந்து போராட்டங்களைத் தொகுக்கும் ஆய்வுகளுக்கு இரண்டு கூட்டங்கள் ஒதுக்கினோம். பிரிட்டனின் பழைய போராட்டங்களை ஆராய்ந்த சார்லஸ் டில்லி, 10 பேராவது கூடியிருந்தால்தான் பட்டியலில் சேர்த்தார். 1990 முதலான போராட்டங்களைத் தொகுத்த டேவிட் கிளார்க், பாட்ரிக் ரீகன் இருவரும் 50 பேர் என்று வைத்துக்கொண்டார்கள். அந்த அளவுகோலில் மே சதுக்கத்துத் தாய்மார்களின் முதல் நாள் பட்டியலுக்கே வராது. அதோடு, செய்தித்தாளில் வந்தால்தானே தொகுக்க முடியும்? வாஷிங்டன் காவல் துறையின் அனுமதிப் பதிவேடுகளையும் செய்தித்தாள்களையும் ஒப்பிட்ட மெக்கார்த்தி குழுவினர், சின்ன ஆர்ப்பாட்டங்களில் பெரும்பாலானவை செய்தியாகவே வரவில்லை என்று கண்டார்கள்.

நேரடியாக மக்களிடமே கேட்கும் வழியும் இருக்கிறது. உலக மதிப்பீட்டு ஆய்வு, அமைதியான ஆர்ப்பாட்டத்தில் கலந்துகொண்டதுண்டா, கலந்துகொள்ளக்கூடுமா, ஒருபோதும் மாட்டீர்களா என்று கேட்கிறது. ஐரோப்பிய சமூக ஆய்வு கடந்த 12 மாதங்களில் என்று கேட்கிறது. இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டு நாடுகளை ஒப்பிடுவது தப்பு, போன ஆண்டு நாமே அதைச் செய்திருந்தோம், அந்த அட்டவணையை எடுத்துவிட்டோம். 2020இல் கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃபிளாய்ட் காவலரால் கொல்லப்பட்ட பிறகு அமெரிக்காவில் நடந்த போராட்டங்களில் ஒன்றரைக் கோடியிலிருந்து 2 கோடியே 60 லட்சம் பேர் வரை கலந்துகொண்டார்கள் என்ற எண் இப்படிக் கருத்துக்கணிப்புகளிலிருந்து வந்ததுதான். ஐரோப்பாவில் பேரணிகளுக்குள்ளேயே படிவம் கொடுக்கும் குழுவினரின் முறை எனக்கு நெகிழ்ச்சியாகவே இருந்தது. யாரிடம் கொடுப்பது என்று சுட்டிக்காட்ட ஒருவர், கொண்டுபோய்க் கொடுக்க வேறொருவர். ஒரே ஆள் இரண்டையும் செய்தால், தெரியாமலேயே சிரித்த முகமாக இருப்பவர்களிடம்தான் போய் நிற்பார்.

அப்புறம் அந்த 3.5 சதவீதம். அமெரிக்க அரசியல் ஆய்வாளர்கள் எரிகா செனோவெத்தும் மரியா ஸ்டீஃபனும் 1900 முதல் 2006 வரை நடந்த 323 இயக்கங்களை ஆராய்ந்து, வன்முறையற்றவை 53 சதவீதமும் ஆயுதமேந்தியவை 26 சதவீதமும் வென்றதாகக் கண்டார்கள். மக்கள்தொகையில் 3.5 சதவீதம் பேர் உச்சத்தில் கலந்துகொண்ட எந்த இயக்கமும் தோற்கவில்லை என்று செனோவெத் பின்னர் சொன்னதைப் பலர் மந்திரம் மாதிரி பிடித்துக்கொண்டார்கள், நம் கூட்டத்திலும்தான். 1962இல் புருனேயிலும் 2011இல் தொடங்கிப் பஹ்ரைனிலும் அந்த அளவைத் தாண்டியும் தோல்விதான் என்று அவரே பின்னர் எழுதினார். அந்த விதி முன்பு நடந்ததன் விவரிப்பு, அதை வைத்து நாளைக்கு இத்தனை பேர் வந்தால் ஆட்சி மாறும் என்று சொல்ல முடியாது. அதோடு மேலே சொன்ன ஆறு மடங்கு வித்தியாசத்தை நினைத்துப் பாருங்கள், மூன்றரை என்பது எந்த எண்ணை வைத்து?

ஒரு எச்சரிக்கையும் பதிவு செய்ய வேண்டும். எண்ணுவதற்காக எடுக்கும் படம், கைப்பேசி இருப்பிடத் தகவல் எல்லாம் நாளைக்கு யாரையாவது அடையாளம் காட்டப் பயன்படலாம். பயிற்சியில் எடுத்த படங்களை அன்றைக்கே அழித்தோம், இனி முகம் தெரியும்படி எடுப்பதில்லை என்றும் தீர்மானித்தோம். எண் ஒன்றிரண்டு பிசகினாலும் பரவாயில்லை, ஒரு ஆளுக்குக்கூடத் தீங்கு வரக் கூடாது.

வரும் ஆண்டில் மூன்று பாலங்களில் மூன்று குழுவாக எண்ணிப் பார்ப்பதாகத் திட்டம், அதற்குக் குறைந்தது ஒன்பது பேர் வேண்டும். குழந்தை, வேடிக்கை பார்ப்பவர், திரும்பி வருபவர் இவர்களை எப்படி எண்ணுவது என்ற ஒரு பக்கக் குறிப்பு தயாராகிவிட்டது, படித்துவிட்டுத் திருத்தம் இருந்தால் அடுத்த கூட்டத்துக்குள் சொல்லுங்கள். கிளிக்கர் இரண்டும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன.

இப்படிக்கு,
செயலாளர்