கடைசிக் குழந்தை படித்து முடிக்கும்வரை பள்ளியை மூடாதீர்கள்

தென்கொரியாவில் கிராமப் பள்ளிகளை இணைக்கும் பொறுப்பில் உள்ள கல்வி அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

எங்கள் மலைக்கிராமத்துக் கிளைப்பள்ளி (பெரிய பள்ளி ஒன்றின் கீழ் இயங்கும் சிறிய தொடக்கப்பள்ளி) வரும் மார்ச் 1 முதல் இயங்காது என்று அறிவித்திருக்கிறீர்கள். அதற்கான காரணங்களைப் பெற்றோர் கூட்டத்தில் விளக்கமாகச் சொன்னீர்கள். பிறப்பு குறைகிறது, பெரிய பள்ளியோடு இணைத்தால் பிள்ளைகளுக்கு நண்பர்கள் நிறையக் கிடைப்பார்கள் என்றீர்கள். கொரிய மொழியில் எழுதிய மனுவை முறைப்படி கொடுத்துவிட்டோம். இந்நாட்டில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும் விவரம் தெரியட்டும் என்று இம்மடலைத் தமிழில் எழுதுகிறேன்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். இப்போது படிக்கும் கடைசிக் குழந்தை ஆறாம் வகுப்பை முடிக்கும்வரை பள்ளியை மூடாதீர்கள்.

கூட்டம் முடியும் நேரத்தில் உங்களில் ஒருவர், எங்களைத் தேற்றுவதாக நினைத்து, ‘ஆசிரியர் கிம் போங்-டு’ படத்தில் வருவதுபோல அழகான விடைபெறும் விழா ஒன்றை நடத்தித் தருவோம் என்றார். அவர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் அந்தச் சொல் இன்றுவரை என்னைத் தூங்கவிடவில்லை. அந்தப் படத்தை மதித்துப் பார்த்தவர் எவரும் அதை எங்களுக்கு ஆறுதலாகச் சொல்ல மாட்டார்.

2003இல் ஜாங் கியூ-சுங் இயக்கிய படம் அது. பெற்றோர் நீட்டும் பண உறைகளை வாங்கிப் பழகிய சியோல் ஆசிரியர் ஒருவர், மலையோரக் கிளைப்பள்ளிக்கு மாற்றப்படுகிறார். மொத்தம் ஐந்தே மாணவர்கள். அங்கே உறை வருவதில்லை, தோட்டத்தில் விளைந்ததுதான் வருகிறது. பள்ளியை இழுத்து மூடினால் சியோலுக்குத் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போடும் அவர், ஒவ்வொரு பிள்ளையிடமும் என்ன திறமை இருக்கிறது என்று தேடத் தொடங்குகிறார். திறமையைக் காட்டி நகரத்துக்கு அனுப்பிவிட்டால் பள்ளி தானாகக் காலியாகும் என்பது அவர் திட்டம். அந்தத் தேடல்தான் கடைசியில் அவரை உண்மையான ஆசிரியராக்குகிறது. எழுத்தறியாத ஊர்ப் பெரியவர் ஒருவர்கூட அவரிடம் எழுத்துக் கற்கிறார்.

அந்தப் படத்தில் பள்ளி மூடப்பட வேண்டும் என்று ஆசைப்பட்டவர், திருந்துவதற்கு முந்தைய கிம் போங்-டு. அவர் திருந்திய பிறகும் பள்ளி பிழைக்கவில்லை. உங்கள் துறையில் வேலை பார்க்கும் எவரும் தலைகுனிந்து பார்க்க வேண்டிய இடம் அது. அதைத்தான் எங்களுக்கு விழாவாக நடத்தித் தருவதாகச் சொல்கிறீர்கள்.

இன்னொன்றும் உண்டு. படம் எடுக்கப்பட்ட கங்வொன் மாகாணம், ஜியோங்சியோன் வட்டாரத்து யோன்போ கிளைப்பள்ளி 1999லேயே மூடப்பட்டுவிட்டது. கிராமத்துப் பிள்ளைகளின் சிரிப்பைப் படம்பிடிக்கப் போனவர்களுக்குப் பிள்ளைகள் இல்லாத பள்ளிதான் கிடைத்தது.

பள்ளத்தாக்கின் அடுத்த பக்கத்துப் பள்ளியை நீங்கள் ஏற்கெனவே இணைத்துவிட்டதால், எங்களுக்கு என்ன வரப்போகிறது என்பது தெரியும். அந்த ஊரில் இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இருக்கிறாள். தாய்தந்தை நகரத்தில் வேலையில் இருக்கிறார்கள், வளர்ப்பது பாட்டி. முன்பு வீட்டுவாசலில் நின்று கூப்பிட்டால் பள்ளி மைதானத்தில் கேட்கும். இப்போது தூரத்துப் பள்ளிக்குப் பஸ் பிடிக்க விடியும் முன்பே எழுப்பிவிட வேண்டியிருக்கிறது. மலைப்பாதையின் வளைவுகளில் அவளுக்குக் குமட்டும் என்பதால் காலையில் ஒரு வாய்க்கு மேல் கொடுப்பதில்லை. சட்டைப்பையில் மடித்த பிளாஸ்டிக் பை ஒன்றை வைத்து அனுப்புகிறார் பாட்டி. பனி விழும் நாட்களில் பஸ் மேடேறாது. அன்று பாட்டி, முழங்கால் வலியோடு, வழுக்கும் சரிவில் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பெருஞ்சாலைவரை இறங்குகிறார். மாலையில் அதே பஸ்ஸைத் தவறவிட்டால் வேறு வழியில்லை. அதனால் வகுப்பு முடிந்தபின் மற்றப் பிள்ளைகள் விளையாடும்போது அவள் பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்திருக்கிறாள். பெரிய பள்ளியில் நண்பர்கள் நிறையக் கிடைப்பார்கள் என்று கூட்டத்தில் சொன்னீர்கள். அவர்களோடு அவள் எப்போது விளையாடுவது?

பெற்றோரின் ஒப்புதலைப் பெற்றோம் என்பீர்கள். மூடப்போவது உறுதி என்ற பேச்சு பரவியதுமே இரண்டு குடும்பங்கள் பிள்ளைகளை மாற்றிவிட்டன. மீதமிருப்பவர்களிடம் வாங்கும் கையெழுத்தில் ஒப்புதலைவிடச் சோர்வுதான் அதிகம். கியோங்கி மாகாணத்துத் துமில் கிளைப்பள்ளி 1994இல் மூடப்பட்டபோது பெற்றோர் விடாமல் போராடி உச்ச நீதிமன்றம்வரை போனார்கள். 1996இல் தோற்றார்கள். வழக்குப் போடும் தெம்பு எங்களிடம் இல்லை. மனுதான் எங்களால் ஆனது.

1982இல் தொடங்கிய இந்த இணைப்புக் கொள்கையில் நாடு முழுவதும் 3,800க்கும் மேற்பட்ட பள்ளிகள் மறைந்துவிட்டன. பிறப்பு குறைகிறது என்பதை நான் மறுக்கவில்லை. 2024இல் 157 தொடக்கப்பள்ளிகளில் முதல் வகுப்பில் சேர ஒரு குழந்தைகூட இல்லை. ஆனால் அழியும் ஊர்களைக் காப்பாற்ற 2022 முதல் ஆண்டுக்கு 1 லட்சம் கோடி வொன் நிதி ஒதுக்குவதும் இதே அரசுதான். 2021 முதல் சியோல் பிள்ளைகள் உதவித்தொகையோடு தென் ஜியோல்லா மாகாணத்துக் கிராமப் பள்ளிகளுக்குப் படிக்க வருகிறார்கள். மண்ணும் ஆறும் காடும் பிள்ளைக்கு நல்லது என்று நகரத்துப் பெற்றோருக்குச் சொல்கிறீர்கள். அந்த மண்ணிலேயே பிறந்த பிள்ளையை மட்டும் பஸ்ஸில் ஏற்றி வெளியே அனுப்புகிறீர்கள். இளைஞர்களே, ஊருக்குத் திரும்பி விவசாயம் பாருங்கள் என்று அழைக்கிறீர்கள். பள்ளிக்கூடம் இல்லாத ஊருக்குக் கைக்குழந்தையோடு யார் வருவார்கள்? மூடிய கட்டடங்கள் சில முகாம் தளங்களாகவும் ஓவியக்கூடங்களாகவும் மாறியிருக்கின்றன, சில பூட்டிக் கிடக்கின்றன. எங்கள் பள்ளியை என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டதற்கு, பிறகு முடிவாகும் என்றீர்கள். பிள்ளைகளை வெளியேற்ற மட்டும் தேதி குறித்தாகிவிட்டது.

கோபத்தில் அதிகம் எழுதிவிட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஆசிரியை மீது எனக்குள்ள மதிப்பும் இதில் சேர்ந்திருக்கிறது. மூன்று வகுப்புகளை ஒரே அறையில் வைத்துக்கொண்டு, எந்தப் பிள்ளைக்கு வகுத்தல் வரவில்லை, எந்தப் பிள்ளை வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்பதையெல்லாம் அறிந்து வைத்திருப்பவர் அவர். அவரைப் போன்ற ஒருவரை உருவாக்க உங்களுக்கு எத்தனை ஆண்டு ஆகும்?

புதிய சேர்க்கை வேண்டாம் என்றால் நிறுத்திக்கொள்ளுங்கள், அதற்கும் உடன்படுகிறோம். இருக்கும் பிள்ளைகள் இருக்கும் இடத்திலேயே படித்து முடிக்கட்டும். பிப்ரவரி மாதத்துக்குள் முடிவை மறுபரிசீலனை செய்து, எழுத்தில் பதில் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். விழா வேண்டாம்.

இப்படிக்கு,
மலைக்கிராமத்தில் குடியிருக்கும் ஒரு தமிழ்ப் பெற்றோர்