புதுநன்மை வகுப்புப் பெற்றோருக்கு: ஆண்டு நிறைவும் ஒரு வேண்டுகோளும்

அன்புள்ள பெற்றோர்களே,

இயேசுவின் பெயரால் வணக்கம். மறைக்கல்வி ஆண்டு முடியப்போகிறது. பிள்ளைகள் இந்த ஆண்டும் நன்றாகவே செய்தார்கள். விவிலிய வினாடி வினாவில் பரிசு, பாட்டுப் போட்டியில் பரிசு, கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு நல்ல கைதட்டல். ஓரியூர் திருப்பயணமும், வேனில் வாந்தி எடுத்த இரண்டு பேரை விட்டுவிட்டால், குறையில்லாமல் முடிந்தது. உழைத்த எல்லோருக்கும் பாராட்டுகள். பரிசுகளை ஆண்டுவிழாவில் கொடுப்போம்.

சரி, பிள்ளைகள் திருப்பலியில் நற்கருணை அப்பத்தை முதன்முறையாக வாங்கத் தயாராகிற புதுநன்மை வகுப்புக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது.

போன ஞாயிறு வாய்மொழித் தேர்வுக்கு ஓர் ஒத்திகை வைத்தோம். கேள்விகளை வரிசைப்படி கேட்காமல் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கேட்டோம். முதலில் வந்த பையனிடம் "நற்கருணையில் இருப்பவர் யார்?" என்றார் ஆசிரியை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "ஏழு" என்றான். எல்லோரும் சிரித்துவிட்டோம். விசாரித்தால், அவன் படித்த தாளில் அதற்கு முந்தைய கேள்வி "அருளடையாளங்கள் எத்தனை?" என்பதாம். பையன் வரிசை மாறாமல் சொன்னான், நாங்கள்தான் வரிசையை மாற்றிவிட்டோம்.

அப்புறம் சிரிக்க முடியவில்லை. "தாய் தந்தையரை மதித்து நட" என்பது எத்தனையாவது கட்டளை என்று கேட்டபோது, ஒருவர் பின் ஒருவராக "ஐந்தாவது" என்றார்கள். நம் கத்தோலிக்கப் பாடத்தில் அது நான்காவது. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையினர் எண்ணும் முறையில் அது ஐந்தாவது, அவர்கள் கணக்கில் அது சரி. நம் வகுப்பில் யாரும் அப்படிச் சொல்லிக்கொடுக்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, யாரோ இணையத்தில் எங்கிருந்தோ விடைகளை எடுத்து, ஒரு தாளில் எழுதி, படம் பிடித்து, பெற்றோர் சிலரின் வாட்ஸாப் குழுவில் போட்டிருக்கிறார்கள். அதைக் கணினிக் குரலில் வாசிக்கவைத்த ஆடியோ ஒன்றும் சுற்றுகிறது. நானும் கேட்டேன். விசுவாச அறிக்கையை ரயில்வே அறிவிப்பு மாதிரி சொல்கிறது.

மனப்பாடமே கூடாது என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. நம் கடற்கரைக்கு விசுவாசம் வந்ததே மனப்பாடத்தின் வழியாகத்தான். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. தெரிந்தவர்களைக் கூட்டிவைத்து, சிலுவை அடையாளம், விசுவாச அறிக்கை, பத்துக் கட்டளைகள், பரலோக மந்திரம், அருள்நிறை மந்திரம் எல்லாவற்றையும் பாடுபட்டுத் தமிழாக்கி, தானும் மனப்பாடம் செய்தார். கையில் மணியோடு தெருவில் நடந்து, கூடியவர்களுக்கு ஒரு நாளைக்கு இரண்டு முறை சொல்லிக்கொடுத்தார். ஞாயிறு வந்தால் ஊரையே கூட்டி, விசுவாச அறிக்கையை ஒவ்வொரு பகுதியாகச் சொல்லி "இதை நம்புகிறீர்களா?" என்று கேட்பார். மக்கள் நெஞ்சில் கைகளைக் குறுக்காக வைத்துக்கொண்டு சத்தமாக "நம்புகிறோம்" என்பார்கள். 1544 ஜனவரியில் அவர் எழுதிய கடிதத்தில் இதெல்லாம் இருக்கிறது. அதில் இன்னொன்றையும் எழுதியிருக்கிறார். கற்றுக்கொண்டதை வீட்டுக்குப் போய் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பக்கத்து வீட்டாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று சிறுவர்களிடம் அவர் கட்டளையிட்டாராம்.

அவர் அடுத்த ஊருக்குப் போனபின் மந்திரங்கள் மறந்துபோகாமல் பார்த்துக்கொள்ள ஊருக்கு ஊர் ஆள் வைத்தார். அவர்களைத்தான் கணக்கப்பிள்ளை என்றார்கள். இன்று உங்கள் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் சம்பளமில்லாமல் வகுப்பெடுக்கிற நம் ஆசிரியர்கள் அந்த வழியில் வந்தவர்கள்தான்.

மண்டபத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிற வேதாளையில்தான் 1549இல் அந்தோனியோ கிரிமினாலி அடிகளார் கொல்லப்பட்டார். அவருக்குப் பின் இந்தக் கரையின் பொறுப்பை ஏற்ற ஹென்றிக்கஸ் அடிகளார் (அண்டிரிக் அடிகளார் என்றால் பெரியவர்களுக்குத் தெரியும்) தமிழைப் பேசவும் எழுதவும் முறையாகக் கற்றார். அவர் தமிழாக்கிய 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சானது. இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் புத்தகம் அது. பதினாறே பக்கம், அதுவும் ஒரு ஞானோபதேசப் புத்தகம், அதாவது மறைக்கல்விப் புத்தகம். அடுத்த ஆண்டு கொச்சியில் 'கிரீசித்தியானி வணக்கம்' வந்தது. அது முழுக்கக் கேள்வியும் பதிலுமாக, குருவும் சீடனும் பேசிக்கொள்வது போல இருக்கும்.

கேள்வி பதில் என்றால் கேட்கிறவர் ஒருவர் இருக்க வேண்டும். என் மனத்தாங்கலே அதில்தான். போன் கேள்வியையும் சொல்லி பதிலையும் சொல்லிவிடுகிறது. பிள்ளை தடுமாறினால் அதற்குத் தெரியாது, "அப்படின்னா என்ன?" என்று பிள்ளை திருப்பிக் கேட்டாலும் கேட்காது.

மார்ட்டின் லூத்தர் 1529இல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தைப் பாருங்கள். (நம் திருச்சபையிலிருந்து பிரிந்துபோன லூத்தரைக் கத்தோலிக்கர் காட்டலாமா என்று கோபிக்காதீர்கள்.) குடும்பத்தலைவர் தன் வீட்டாருக்கு இதை எளிமையாகச் சொல்லித்தர வேண்டும் என்று அதில் பகுதிக்குப் பகுதி தலைப்பிலேயே போட்டிருக்கிறார். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த லூத்தரன் போதகர் சீகன்பால்கு தமிழுக்குக் கொண்டுவந்ததும் அந்தப் புத்தகத்தைத்தான். நம் திருச்சபைச் சட்டமும் வேறு மாதிரி சொல்லவில்லை. பிள்ளைகளை விசுவாசத்தில் வளர்க்கும் கடமை மற்ற எவரையும் விட முதலில் பெற்றோருக்கு உரியது என்கிறது 774ஆம் விதி.

ஒத்திகையில் ஒரு சிறுமி எந்தக் கேள்வியை எங்கிருந்து கேட்டாலும் சொன்னாள். பல பதில்களில் கடவுளைப் பழைய வழக்கப்படி 'சர்வேசுரன்' என்றே சொன்னாள். இப்போதைய புத்தகத்தில் அந்தச் சொல் இல்லையே என்று கேட்டால், அம்மாச்சி சொல்லிக்கொடுத்தார்களாம். சாயங்காலம் வாசலில் மீன் ஆய்ந்துகொண்டே, 'சின்னக் குறிப்பிடம்' என்ற பழைய ஞானோபதேசப் புத்தகத்தில் அந்தக் காலத்தில் படித்ததைப் பேத்தியிடம் கேட்பார்களாம். தப்பாகச் சொன்னால் செதில் கையோடு ஒரு குட்டு. (குட்டை நான் பரிந்துரைக்கவில்லை.) அந்தச் சிறுமியும் மனப்பாடம்தான் செய்திருக்கிறாள். ஆனால் அவள் சொல்வதைக் கேட்க ஓர் ஆள் எதிரில் இருந்திருக்கிறார்.

உங்கள் சிரமம் எனக்குத் தெரியாமல் இல்லை. சனிக்கிழமை கடலுக்குப் போன விசைப்படகு ஞாயிறு விடியலில்தான் கரை சேரும். அப்பா இரவெல்லாம் தூங்காமல் வந்திருப்பார், அம்மா ஏலத்தில் நிற்பார். பாசி எடுக்கப் போகிறவர்களுக்கு அலுப்பு வேறு. அதனால்தான் இத்தனை நாளும் நான் இதைப் பெரிதாகப் பேசவில்லை.

இப்போது பேசியாக வேண்டும். அந்தத் தாளையும் ஆடியோவையும் இன்றோடு அழித்துவிடுங்கள். யார் போட்டது என்று நான் விசாரிக்கப் போவதில்லை. ஆனால் இனி அப்படி ஒன்று சுற்றினால், பங்குத்தந்தை முன்னிலையில் பெற்றோரையும் வைத்துக்கொண்டுதான் தேர்வு நடக்கும். தேர்வில் கேள்விகள் வரிசைப்படி வராது. "அப்படியென்றால் என்ன, உன் வார்த்தையில் சொல்" என்று கட்டாயம் கேட்போம். புரியாமல் ஒப்பிக்கிற பிள்ளையை இந்த ஆண்டு புதுநன்மைக்கு நிறுத்த முடியாது. சட்டை தைத்தாயிற்று, பிரியாணிக்குச் சொல்லியாயிற்று, சொந்தக்காரர்கள் வருகிறார்கள் என்று யாரும் சிபாரிசுக்கு வர வேண்டாம். பங்குத்தந்தையும் இதே முடிவில்தான் இருக்கிறார்.

கடுமையாக எழுதிவிட்டேனோ என்று தோன்றுகிறது. நாங்கள் கேட்பது பெரிய காரியமில்லை. இரவு சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம், போனைத் தள்ளி வைத்துவிட்டு, புத்தகத்தில் நாலு கேள்வி கேளுங்கள். உங்களுக்கே பதில் தெரியாவிட்டால் பிள்ளையிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், சவேரியார் காலத்து வழக்கம்தானே. ஏப்ரல் 15இல் தடைக்காலம் தொடங்குகிறது. ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த நாள்களில் அப்பாக்களும் கொஞ்சம் உட்காரலாம். வலை வேலை பார்த்துக்கொண்டேகூடக் கேட்கலாம்.

எங்கள் பக்கமும் செய்ய வேண்டியது உண்டு. வகுப்பில் பிள்ளைகள் சோர்ந்துபோவதாகச் சில அம்மாக்கள் சொன்னீர்கள். சொல்லிக்கொடுத்தே அலுத்துப்போகிறது என்று எழுதிய கார்த்தேஜ் நகரத் திருத்தொண்டர் ஒருவருக்குப் புனித அகுஸ்தினார் கிட்டத்தட்ட 1,600 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சிறு நூலே எழுதி அனுப்பினார். கேட்கிறவன் கொட்டாவி விட்டால் பேச்சைக் கொஞ்சம் மாற்று, நின்று களைத்தால் உட்கார இடம் கொடு என்பது அவர் யோசனை. வரும் ஞாயிறு முதல் நடுவில் ஓர் இடைவேளை விடுகிறோம். தரையில் உட்காரும் சின்ன வகுப்புக்குப் பாயும் வாங்கியாயிற்று.

வாரம் தவறாமல் சுண்டல் கொடுத்தனுப்பும் வீடுகளுக்கும், மின்விசிறி வாங்கித்தந்த குடும்பத்துக்கும், கடலிலிருந்து நேராக வந்து வாசலில் காத்திருந்து பிள்ளையைக் கூட்டிப்போகிற அப்பாக்களுக்கும் மனமார்ந்த நன்றி. பேத்திக்குச் சொல்லிக்கொடுத்த அந்த அம்மாச்சிக்குத் தனியாக நன்றி. முடிந்தால் ஒரு ஞாயிறு வகுப்புக்கு வாருங்கள், நாற்காலி போட்டு வைக்கிறோம்.

வாய்மொழித் தேர்வு மே மாதம் முதல் ஞாயிறு, இரண்டாம் திருப்பலி முடிந்ததும். பிள்ளைகளைப் புத்தகத்தோடு அனுப்புங்கள். போன் வேண்டாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்,
பங்கு மறைக்கல்விப் பள்ளி