கும்பகோணம் மாலை வகுப்பிலிருந்து ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

பார்வையற்ற பிள்ளைகளை வேலைக்குத் தயார்படுத்தும் எங்கள் மாலை வகுப்பில் படித்த சிலர் இந்த ஆண்டு வேலையில் சேர்ந்துவிட்டார்கள். ஒரு பெண் ஜவுளிக்கடை அலுவலகத்தில் ஃபோனில் ஆர்டர் எடுக்கிறாள். மற்றவர்கள் வங்கித் தேர்வுக்கும் டிஎன்பிஎஸ்சிக்கும் படிக்கிறார்கள். கைகொடுத்தவர்களுக்கு ஊரறிய நன்றி சொல்ல வேண்டும் என்றுதான் இந்த மடல்.

முதலில் மன்னார்குடி கல்லூரி மாணவர்கள். கணினித் திரையில் உள்ளதைக் குரலில் வாசித்துக் காட்டும் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசம். ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர்கள் இருவர் 2006-இல் தொடங்கியது. தமிழையும் வாசிக்கும், ஆனால் யூனிகோடு என்ற பொது எழுத்துக்குறிமுறையில் இருந்தால்தான். எங்களுக்குக் கிடைத்த பாடக்குறிப்புகளோ பாதி பாமினி என்ற பழைய எழுத்துருவில், மீதி ஸ்கேன் செய்த பக்கங்கள். பாமினி என்றால் ஆங்கில எழுத்துகளாகக் கொட்டும். ஸ்கேன் பக்கத்தில் சத்தமே வராது. அத்தனையையும் மாற்றி, தட்டச்சு செய்து, லகர ளகரம் வரை சரிபார்த்துத் தந்தீர்கள். வரைபடம் வந்த இடத்தைக்கூடத் தாண்டிப் போகவில்லை. முக்கொம்பில் கொள்ளிடம் பிரிவதையும், கல்லணையிலிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று தண்ணீர் போகும் திசைகளையும் வார்த்தைகளிலேயே எழுதியிருந்தீர்கள். ஆற்றங்கரையிலேயே வளர்ந்த தம்பி ஒருவன் அந்தப் பத்தியைத் திரும்பத் திரும்பக் கேட்டான். எந்த ஆறு எந்தப் பக்கம் போகிறது என்று அதுவரை யாரும் அவனுக்குச் சொன்னதில்லையாம்.

ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஐயாவுக்கு நன்றி. “கண் தெரியாமல் எப்படி வேலை செய்வீர்கள்?” என்று நேர்காணலில் கேட்டால், விளக்கம் சொல்லிக்கொண்டிருக்காமல் மடிக்கணினியைத் திறந்து ஒரு கடிதத்தை அடித்தே காட்டச் சொன்னார். நேர்காணல் பயமே அதில் பாதி போய்விட்டது. அட்டையில் நீளமாக ஓட்டை வெட்டி, அதற்குள் கையெழுத்துப் போடப் பழக்கியதும் அவர்தான்.

2016-ஆம் ஆண்டின் சட்டப்படி அரசு வேலைகளில் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 சதவீதம். அதில் 1 சதவீதம் பார்வையற்றோருக்கும் குறைபார்வை உடையோருக்கும். அந்த இடத்துக்குப் போட்டியிட, தேர்வறையில் கேள்வியை வாசித்து, சொல்லும் விடையை எழுதித் தரும் நல்ல ஸ்கிரைப் வேண்டும். கேள்வியை உள்ளபடி வாசித்து, சொன்ன விடையை மட்டும் குறித்து, கூடுதலாகக் கிடைக்கும் நேரம் முழுவதும் பொறுமையாக உட்கார்ந்திருந்த பிள்ளைகளே, உங்கள் ஞாயிற்றுக்கிழமைகளுக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.

அப்புறம் அம்மாக்கள். நடவு நேரத்திலும் கூலியை விட்டுவிட்டு வகுப்புக்குக் கூட்டி வந்தவர்கள் நீங்கள். வெள்ளைக்கோல் பழகிய பின் தனியாக அனுப்பச் சொன்னபோது மனம் கேட்காமலேதான் அனுப்பினீர்கள். எங்கள் பயிற்சியிலேயே பெரிய தைரியம் அதுதான் என்று நினைக்கிறேன். நிறுத்தத்தின் பெயரை உரக்கச் சொல்லி இறக்கிவிடும் டவுன் பஸ் நடத்துனர்களுக்கும் அந்த அம்மாக்கள் சார்பில் நன்றி.

பொங்கல் கழிந்ததும் அடுத்த வகுப்பு. திருவாரூர், மயிலாடுதுறை பக்கம் ஸ்கிரைப்பாக வர விருப்பமுள்ளவர்கள் அதற்குள் சொல்லுங்கள்.

நன்றியுடன்,
மாலை வகுப்பு ஆசிரியை