குவாடல்கனால் வீரர்கள் குறிப்பு: எழுதும் முன் கவனிக்க

உறுப்பினர்களுக்கு வணக்கம். இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவான குவாடல்கனாலில் (1942 ஆகஸ்ட் 7 – 1943 பிப்ரவரி 9) போரிட்ட அமெரிக்க வீரர்களைப் பற்றி எழுதும்போது பெரும்பாலும் தவறு நேர்வது பதக்கத்தில்தான். ஆசிய-பசிபிக் போர்ப் பதக்கத்தின் மஞ்சள் நாடாவில் குத்தியிருக்கும் சின்ன வெண்கல நட்சத்திரம், அவர் ஒரு போர்முனையில் பங்கேற்றதற்கான அடையாளம். ‘பிரான்ஸ் ஸ்டார்’ (Bronze Star) என்ற தனி விருதுப் பதக்கம் முற்றிலும் வேறு. ஐந்து வெண்கல நட்சத்திரங்களுக்குப் பதிலாகக் குத்தும் வெள்ளி நட்சத்திரமும் ‘சில்வர் ஸ்டார்’ (Silver Star) என்ற வீர விருது அல்ல. வாங்காத விருதை அவர் பேரில் ஏற்றுவது மரியாதை ஆகாது. வீரரின் புகைப்படத்தைப் பெரிதாக்கி, நட்சத்திரம் நாடாமேல் இருக்கிறதா, கீழே தனிப் பதக்கமாகத் தொங்குகிறதா என்று பாருங்கள்.

அடுத்து ஆவணம். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் உள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்துக்கு, சேவைக் கோப்பைக் கேட்கும் படிவம் 180 (SF 180) அனுப்ப வேண்டும். முழுப்பெயர், சேவை எண், படைப்பிரிவு மூன்றும் இருந்தால் தேடல் எளிது. தரைப்படை வீரர் என்றால் ஒரு சிக்கல்: 1912 நவம்பர் முதல் 1960 ஜனவரி வரை படைச் சேவையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் 1973 ஜூலையில் அந்த மையத்தில் நடந்த தீவிபத்தில் போய்விட்டது. “கோப்பு இல்லை” என்று பதில் வந்தால் அவர் பணியாற்றவில்லை என்று பொருளல்ல. இறுதிச் சம்பளச் சீட்டையும் படைப்பிரிவின் அன்றாட வருகை அறிக்கையையும் கேளுங்கள். மரைன், கடற்படைக் கோப்புகள் அந்தத் தீயில் சிக்கவில்லை.