சட்டம் படிக்கப் போகும் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, குறுவை நடவு நடக்கிறது.

மாப்பிள்ளைக்குத் திருச்சிக்கு மாற்றல் ஆகிவிட்டதால், நீ வேலையை விட்டுவிட்டு அங்கே அரசு சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பம் போடப்போகிறாயாமே. அம்மா சொன்னாள். அப்பாவிடம் சொல்லத் தயங்குகிறாய் என்றும் சொன்னாள். இதில் தயங்க என்ன இருக்கிறது? கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

நீ பதினொன்றாவது படிக்கும்போதே எனக்குத் தெரியும். தெற்குத் தெருப் பெரியம்மாவுக்குப் பூர்வீக நிலத்தில் பங்கு கிடையாது என்று ஊரே சொன்னது. 1989-ல் நம் மாநிலம் பெண்களுக்குச் சொத்துரிமை கொடுத்தபோது, அதற்கு முன்பே கல்யாணமானவர்களைச் சேர்க்கவில்லை. பெரியம்மாவும் அதையே நம்பி வாய் திறக்காமல் இருந்தார். 2005-ல் மத்திய அரசு சட்டத்தைத் திருத்தியதும் அந்தப் பாகுபாடு போய்விட்டது என்று நூலகத்தில் தேடிப் படித்து, அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னவள் நீ. நிலம் பாகம் பிரிக்காமல் கிடந்ததால் அண்ணன்மாரும் இறங்கிவந்து இரண்டு மா நிலம் எழுதிக் கொடுத்தார்கள். இன்றைக்கும் அந்த அறுவடையில் அவர் மூட்டை கட்டும்போது உன்னைத்தான் சொல்வார்.

அப்புறம் வீட்டுக் கடன், தம்பி படிப்பு என்று நீ கம்ப்யூட்டர் பக்கம் போனாய். இத்தனை வருஷம் நீ குடும்பத்துக்குச் செய்தது போதும் பாப்பா.

முப்பத்து நாலு வயதில் போய்ப் பெஞ்சில் உட்காருவதா என்று கேட்டாயாம். மூன்று வருடப் படிப்புக்கு வயது வரம்பே இல்லை என்று இங்கே தெரிந்த வக்கீல் சொன்னார். ஒன்று யோசித்துப் பார். 1983-ல் நம் பக்கத்து விவசாயிகள் சங்கம்தான் காவிரிக்காக உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அப்போது திருவாரூர், நாகை எல்லாமே தஞ்சை மாவட்டம். அந்த வழக்கில்தான் நடுவர் மன்றம் அமைக்கச் சொல்லி 1990-ல் உத்தரவு வந்தது. 2007-ல் இறுதித் தீர்ப்பு. அதன் மேல் அப்பீல் போய், தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. தண்ணீர் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2018-ல். வழக்குப் போட்டவர்களில் எத்தனையோ பேர் அதைப் பார்க்க இல்லை. அவர்கள் வயதை எண்ணிக்கொண்டு இருந்திருந்தால் நாம் இன்னும் மனுக் கொடுத்துக்கொண்டுதான் இருப்போம்.

ஒரே ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இரு. வகுப்புக்கே வரவேண்டாம், பரீட்சை மட்டும் எழுதினால் போதும் என்று வெளிமாநிலக் கல்லூரிக்கு ஆள் பிடிக்கிறார்கள். அந்தப் பக்கம் போகாதே. தினமும் போய் உட்கார்ந்து படி. பார் கவுன்சிலில் பதிய முன்பெல்லாம் ஆயிரக்கணக்கில் கேட்டார்கள். பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. செலவு அதில் இல்லை. ஜூனியராக இருக்கும் முதல் சில வருஷங்களில்தான் கையில் ஒன்றும் நிற்காது. அதற்கு இப்போதே சேர்த்து வை.

படித்து முடித்து எங்கே தொழில் செய்வது என்பது உன் இஷ்டம். ஆனால் மன்னார்குடி கோர்ட்டுக்குப் பட்டாவையும் அடங்கலையும் மஞ்சப் பையில் போட்டுக்கொண்டு வருகிறவர்களை நான் பார்க்கிறேன். கோயில் நிலக் குத்தகை, வாய்க்கால் ஆக்கிரமிப்பு, வராத பயிர்க் காப்பீடு. தன் கேஸ் எந்த நிலையில் இருக்கிறது என்றுகூடப் பாதிப் பேருக்குத் தெரியாது. பெரியம்மாவுக்குச் சொன்ன மாதிரி அவர்களுக்கும் பொறுமையாக எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும். நீ அதைச் செய்தால் எனக்கு அதைவிடச் சந்தோஷம் வேறில்லை.

சரி, அடுத்த மாதத்திலிருந்து வீட்டுக்குப் பணம் அனுப்பாதே. தம்பி சம்பாதிக்கிறான், எங்களுக்குப் போதும். குழந்தைக்கு லீவு விட்டால் இங்கே கொண்டுவந்து விடு, அம்மா பார்த்துக்கொள்வாள். உன் மார்க் ஷீட்டும் டிகிரி சர்டிபிகேட்டும் பீரோவில் பத்திரமாக இருக்கின்றன. சனிக்கிழமை தம்பி திருச்சி வருகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா