ஓனரும் நம்மாள்தானாம்

கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் வீடும் அறையும் வாடகைக்கு விடுகிற தமிழ் ஐயாமார்களுக்கும் அம்மாமார்களுக்கும்,

வணக்கம். பிறையிலிருந்து எழுதுகிறேன். வயது 26. பிறந்தது, படித்தது, வேலை பார்ப்பது எல்லாமே பினாங்கு மாநிலத்தில்தான். என் அடையாள அட்டையில் பிறந்த தேதிக்கு அடுத்து 07 என்று இருக்கும், பார்த்தாலே ஊர் தெரிந்துவிடும். இங்கே ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன், சம்பளம் 2,900 வெள்ளி. கோலாலம்பூரில் 3,800 வெள்ளிக்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறது. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"பாலம் தாண்டினா பாயான் லெப்பாஸ். அங்க இல்லாத வேலையா?" என்று அம்மா கேட்டார். கேட்கக்கூடிய கேள்விதான். 1972-இல் அந்தத் தொழிற்பேட்டை வந்ததிலிருந்து எங்கள் பக்கத்துப் பெண்கள் எத்தனையோ பேர் கம்பெனி பஸ் ஏறி அங்கே போய்க் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். ஆனால் நான் பார்க்க ஆசைப்படும் வேலைக்குத் தலைமை அலுவலகத்தில் இருக்க வேண்டும், அவை பெரும்பாலும் உங்கள் பக்கம்தான் இருக்கின்றன. இங்கே எல்ஆர்டி ரயில் 2031-இல் ஓடும் என்கிறார்கள். அதற்குள் எனக்கு முப்பது தாண்டிவிடும். உங்கள் ஊரில் மாதம் 50 வெள்ளி பாஸ் எடுத்தால் எல்ஆர்டி, எம்ஆர்டி, பஸ் எல்லாவற்றிலும் போய்வரலாம். அப்பா எதுவும் பேசவில்லை. பட்டர்வொர்த்திலிருந்து கேஎல் சென்ட்ரலுக்கு ஈடிஎஸ் ரயில் டிக்கெட் என்ன விலை என்று மட்டும் பார்த்து வைத்தார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அப்புறம் அறை தேட ஆரம்பித்தேன்.

மூன்று வாரத்தில் 11 இடத்தில் கேட்டிருக்கிறேன். எல்லாமே ஒரே மாதிரிதான் போகும். அறை காலியா? காலிதான். வேலை எங்கே? சொல்வேன். எத்தனை பேர்? நான் மட்டும். சமையல் உண்டா? கொஞ்சம். "நாமா சியாப்பா?" பெயர் என்ன என்று கேட்கிறார்கள். தட்டிவிடுவேன். உடனே வாட்ஸ்அப்பில் இரண்டு நீலக் கோடு விழும். பத்து நிமிடம் அமைதி. பிறகு, "மாஃப் யா, ஓனர் தாக் நாக் இந்தியா." மன்னிக்கணும், ஓனருக்கு இந்தியர் வேண்டாமாம். சிலர் அதைக்கூடச் சொல்வதில்லை. விளம்பரத்திலேயே 'சீனர்களுக்கு மட்டும்' என்று போட்டுவிடுகிறவர்களும் உண்டு. அவர்களால் எனக்கு நேரமாவது மிச்சம். இதெல்லாம் நமக்குப் பழகிப்போன கதை. பழகிவிட்டது என்பதற்காக அது சரியாகிவிடாது. ஆனால் அவர்களுக்கு எழுதுவதென்றால் வேறு மொழியில் எழுதியிருப்பேன்.

இந்த மடலைத் தமிழில் எழுதக் காரணம் எட்டாவது வீடு.

பூச்சோங்கில் ஒரு அப்பார்ட்மென்ட், நடு அறை, 750 வெள்ளி. விளம்பரத்தில் ஆறு படம் போட்டிருந்தார்கள். மூன்றாவது படத்தில் ஹால். அதன் ஓரத்தில் ஒரு சாமி அலமாரி பாதி தெரிந்தது: முருகன் படம், பக்கத்தில் விபூதித் தட்டு, அலமாரி விளிம்பில் பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம். அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். 'அப்பாடா' என்று இருந்தது. இந்த முறை எழுதிக்கொண்டிருக்காமல் நேரே ஃபோன் போட்டேன். எடுத்த ஏஜென்ட் ஒரு தமிழ் அக்கா. "தங்கச்சி, சொல்லவே கூச்சமா இருக்கு. ஓனரும் நம்மாள்தான். நம்மாளுங்களுக்கு வேணாம்னு முதல்லயே சொல்லிட்டாரு" என்றார்.

அந்த ஐயாவின் பெயர் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் எழுத மாட்டேன். அப்படிச் செய்கிறவர் அவர் ஒருவர் மட்டுமல்ல என்பதற்காகத்தான் உங்கள் எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

கூட்டரசு அரசியலமைப்பின் 9-ஆவது விதியின்படி, குடிமக்கள் நாட்டுக்குள் எங்கும் போகலாம், எங்கும் குடியிருக்கலாம். சபா, சரவாக் மட்டும் தனி. அங்கே போனால் நம்மைப் போன்ற தீபகற்பத்துக்காரர்கள் குடிநுழைவு முகப்பில் நிற்க வேண்டும். பூச்சோங் இருக்கிற சிலாங்கூருக்கு அப்படி முகப்பு ஏதும் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். வீட்டு வாசலில் நீங்களே ஒன்று போட்டு வைத்திருக்கிறீர்கள். குடியிருப்பு வாடகைக்கென்று தனிச் சட்டம் வரும் வரும் என்று பல வருடமாகப் பேசுகிறார்கள். வரும்போது வரட்டும். எனக்கு மாதக் கடைசிக்குள் அறை வேண்டும்.

உங்கள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. என் பெரியம்மாவே வீட்டை வாடகைக்கு விடுகிறவர்தான். சில வருடத்துக்கு முன்பு நம் தமிழ்க் குடும்பம் ஒன்றுக்கு விட்டார். நாலு மாத மின்சாரக் கட்டணத்தைக் கட்டாமல், சமையலறைச் சுவரில் எண்ணெய்ப் பிசுக்கோடு, ராத்திரியோடு ராத்திரியாகக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார்கள். "இனிமே நம்மாளுங்களுக்கு விடவே மாட்டேன்" என்றார் பெரியம்மா. நான் பக்கத்தில் உட்கார்ந்து பசியாறிக்கொண்டே தலையாட்டினேன். அதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அடுத்து வேறு இனத்தவர் ஒருவருக்கு விட்டார். அவர் மூன்று மாத வாடகை பாக்கி வைத்ததோடு, போகும்போது தண்ணீர் சூடாக்கும் ஹீட்டரையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார். அப்போது பெரியம்மா சொன்னது, "அந்த ஆளு சரியில்ல."

நம்மவர் ஏமாற்றினால் அது 'நம்மாளுங்க' குணமாகிவிடுகிறது, மற்றவர் ஏமாற்றினால் அந்த ஒரு ஆளோடு முடிந்துவிடுகிறது. பெரியம்மாவிடம் போன வாரம்தான் இதைக் கேட்டேன். பதிலே வரவில்லை, தேநீர்தான் வந்தது.

வாடகைக்கு வருகிறவரை விசாரிக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. நன்றாக விசாரியுங்கள். சம்பளச் சீட்டு கேளுங்கள், மூன்று மாதத்துக்கு உள்ளதைத் தருகிறேன். வேலைக் கடிதம் தருகிறேன். கடன் அறிக்கை வேண்டுமென்றாலும் எடுத்துத் தருகிறேன். முன்பணமும் கொஞ்சமா வாங்குகிறீர்கள்? இரண்டு மாத வாடகை, மின்சாரம் தண்ணீருக்கு அரை மாதம், முதல் மாத வாடகை. 750 வெள்ளி அறைக்கு மொத்தம் 2,625 வெள்ளி. சேமநிதியான இபிஎஃப்புக்கு 11 விழுக்காடும் சமூகக் காப்புறுதியான சொக்சோவும் போக இன்றைக்கு என் கைக்கு வருகிற ஒரு மாதச் சம்பளத்தைவிட அது அதிகம். அதைச் சேர்த்து வைத்துவிட்டேன். சமையலைப் பற்றியும் ஒளிக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை மீன் பொரிப்பேன். ஜன்னலைத் திறந்து வைத்துப் பொரிப்பேன், அடுப்பைத் துடைத்து வைப்பேன். உங்கள் வீட்டிலும் அதே மீன் அதே மசாலாவில்தானே பொரிகிறது?

உங்களில் பலர் இந்த ஊருக்கு எப்படி வந்து சேர்ந்தீர்கள் என்பதை எங்கள் வீட்டுக் கதையை வைத்தே ஊகிக்க முடியும். தோட்டத்தில் வேலை போய், லயத்து வீட்டை விட்டு, ஒரு பையோடு பஸ் ஏறியிருப்பீர்கள் அல்லது உங்கள் அப்பா ஏறியிருப்பார். செந்தூலிலோ பிரிக்ஃபீல்ட்ஸிலோ யாரோ ஒரு சொந்தக்காரரின் ஹாலில் பாய் விரிக்க இடம் கிடைத்திருக்கும். பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடல் காலத்தில், 1960-இல் அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, கஷ்டப்பட்ட தோட்டத்து மக்கள் சிறுகச் சிறுகப் பங்குப் பணம் கட்டித் தோட்டங்களையே வாங்கினார்கள். என் தாத்தா கட்டிய பங்கின் பத்திரம் இன்னும் எங்கள் வீட்டு மைலோ டின்னில் இருக்கிறது. அவர் யாரை நம்பிக் கட்டினார்? நம்மாளுங்களைத்தான்.

வரும் சனிக்கிழமை காலை ஈடிஎஸ்ஸில் வருகிறேன். மூன்று அறை பார்க்க வேண்டும்: செந்தூலில் ஒன்று, பெட்டாலிங் ஜெயாவில் ஒன்று, பூச்சோங்கில் ஒன்று. இரண்டு ஏஜென்டுகளிடம் பெயரை முதலிலேயே சொல்லிவிட்டேன். வந்து பாருங்கள் என்றார்கள். பூச்சோங்கில் ஓனரே நேரில் வந்து கதவைத் திறப்பாராம். அந்த விளம்பரப் படத்திலும் ஒரு சாமி அலமாரி தெரிகிறது. அவரிடம் மட்டும் என் பெயரை இன்னும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
பிறையிலிருந்து ஒரு பெண்